கடைமடையில் ஒரு நகராட்சி

காயல்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் ஊரார் கூடிக் கட்டிவிடுவார்கள். ஒரு பேருந்து ஊருக்குள் வந்துபோக வேண்டுமென்றால் வருடக்கணக்கில் மனு எழுத வேண்டும். ஏன் இப்படி என்று யோசிக்கப் போனால் குடிநீர், சாக்கடை, குப்பை, கடல், மழை என்று ஊரின் அன்றாடக் கவலைகள் எல்லாமே அந்தக் கேள்விக்குள் வந்து விழுகின்றன.

திருச்செந்தூருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது ஊர். 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன்பின் தூத்துக்குடி. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கத்தில்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்துவைத்த காயல் துறைமுகம் இந்த ஊரா, அருகிலுள்ள பழையகாயலா என்ற விவாதம் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. கால்டுவெல் பழையகாயல் என்றார். எதுவானாலும், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் துறைமுகங்களை இடம் மாற்றியது. ஆற்றின் தயவில் எழுந்து ஆற்றின் போக்கால் நொடித்த கரை இது. இன்றைக்கும் அந்த உறவு மாறவில்லை என்பதைக் குடிநீர்க் குழாயைத் திறந்து பார்க்கிற எவரும் சொல்வார்.

2004இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. 18 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி 40,588 பேர். எல்.கே. மேல்நிலைப்பள்ளி, சென்ட்ரல் மேல்நிலைப்பள்ளி, சுபைதா பெண்கள் மேல்நிலைப்பள்ளி, வாவு வஜீஹா மகளிர் கல்லூரி, கே.எம்.டி. மருத்துவமனை என்று இந்த அளவுள்ள ஊருக்குச் சற்று அதிகமாகவே நிறுவனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஊர்க்காரர்களின் கொடையில் எழுந்தவை. கொழும்பு, கல்கத்தா, ஹாங்காங், சிங்கப்பூர் என்று வணிகத்துக்குப் போனவர்களும், பின்னால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும் போன இடத்தில் எல்லாம் ஒரு காயல் நல மன்றம் வைத்துக்கொண்டார்கள். ஜித்தா, ரியாத், துபாய், கத்தர், பெங்களூரு, சென்னை என்று அந்தப் பட்டியல் நீளும். படிப்புக்கு உதவி கேட்டு வரும் மனுக்களை இக்ராஃ கல்விச் சங்கமும், மருத்துவ உதவி மனுக்களை ஷிஃபா அமைப்பும் வாங்கி, விசாரித்து, மன்றங்களுக்கு அனுப்புகின்றன. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இங்கே விசாரிக்கப்பட்டு மூன்று நாடுகளிலிருந்து பங்குபோட்டுக் கட்டப்படுவது சாதாரண விஷயம். தமிழ்நாட்டின் பல நகராட்சிகளுக்கு இப்படி ஒரு பின்பலம் கிடையாது.

இதைப் பாராட்டி எழுதுபவர்கள் நிறைய. நான் கவனிக்க விரும்புவது வேறு. தனித்தனி ஆட்களுக்குச் செய்யக்கூடிய உதவி எதுவோ, அதில் ஊர் நிறைந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்க முடியாத ஆற்று நீர், வடிகால், வழித்தடம், காற்று ஆகியவற்றில்தான் குறைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கொடையால் வாங்க முடியாது. அரசிடம் கேட்டு, விடாமல் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது வேலைக்கு வேண்டிய பழக்கம் முதல் வேலையில் கிடைப்பதில்லை. கைப்பணம் போட்டு முடித்துவிடலாம் என்ற எண்ணம் வலுத்த ஊரில், அதிகாரியின் மேசை முன் மூன்றாம் தடவை போய் நிற்பதற்கு ஆள் குறைந்துவிடுகிறது.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். பொதிகையில் பிறந்து கடல் சேரும்வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர் வரை ஏழு, எட்டாவது ஸ்ரீவைகுண்டம். அதுதான் கடைசி. அதற்குக் கீழே ஆற்றில் வருவது வெள்ளக் காலத்து உபரியும் கோடைக் காலத்துக் கசிவும்தான். காயல்பட்டினத்துக்கு நெடுங்காலம் தண்ணீர் வந்தது இந்தக் கீழ்ப்பகுதியில், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து. கோடையில் ஆறு மெலியும்போது முகத்துவாரத்திலிருந்து உப்பு ஏறும். ஆகவே இன்னும் மேலே, ஸ்ரீவைகுண்டம் பக்கம் பொன்னன்குறிச்சியிலிருந்து நீரெடுக்கும் திட்டம் வந்தது. ஊரில் அதற்கு ‘இரண்டாவது குடிநீர்க் குழாய்த் திட்டம்’ என்று பெயர். எத்தனை மாதம் பேச்சு, எத்தனை தேர்தலில் வாக்குறுதி என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

மேலே போனால் தண்ணீர் நிச்சயம் என்பதும் பாதி உண்மைதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வண்டல் மூடிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே 2015இல் தூர்வாரும் வேலை தொடங்கியது. அங்கிருந்துதான் வடகால், தென்கால் பாசனம். அங்கிருந்துதான் தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் கொண்டுபோகும் திட்டமும். அதை எதிர்த்து விவசாயிகள் வழக்காடியது தனிக்கதை. வாழையும் நெல்லும் வைத்திருக்கும் தென்கால் விவசாயி, தூத்துக்குடி மாநகராட்சி, ஆலைகள், வழியில் உள்ள ஊராட்சிகளின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஆகிய எல்லாரும் கை வைத்த பிறகு மிஞ்சுவதில் காயல்பட்டினத்தின் பங்கு. அந்தத் தண்ணீரும் திருநெல்வேலி மாநகரைத் தாண்டி வருவது. மாநகரின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது என்ற வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே கழுவிய கை கீழே குடிக்கிற வாய்க்கு வருகிறது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழிகாட்டு நூல், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றது. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும் என்றது. காயல்பட்டினம் இரண்டாம் வகை. 2011 மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் 55 லட்சம் லிட்டருக்குப் பதில் 28 லட்சம் லிட்டர். சாக்கடை வராததற்குத் தண்டனையாகத் தண்ணீரும் பாதி. பக்கத்து ஊராட்சிகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. கிராமத்துக்கும் இந்த நகராட்சிக்கும் காகிதத்திலேயே இடைவெளி 15 லிட்டர்தான். அந்த 70 லிட்டரும் எல்லார் வீட்டுக்கும் ஒரேபோல் வருவதில்லை. குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிற வீடு தெருவின் தலையில் இருந்தால் தெருவின் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். ஆற்றில் கடைமடை, ஊருக்குள் ஒவ்வொரு தெருவிலும் இன்னொரு கடைமடை. மோட்டாரைப் பறிமுதல் செய்யப் போகும் நகராட்சி ஊழியருக்கு அந்த வீட்டுக்காரர் தூரத்து மாமாவாகவோ வார்டு உறுப்பினரின் சொந்தக்காரராகவோ இருப்பார். பறிமுதல் கதை அங்கே முடியும்.

சாக்கடைக்கு வருவோம். இந்த ஊரில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இரண்டு மகள் இருந்தால் வீடு இரண்டாகும், மூன்று இருந்தால் மூன்றாகும். பெண்ணுக்குச் சொந்த வீடு என்பது எத்தனையோ ஊர்களில் இன்னும் கனவு. அந்த விதத்தில் காயலும் இதே வழக்கமுள்ள கீழக்கரையும் பெருமைப்படலாம். ஆனால் நகரமைப்பு அதிகாரியின் கண்ணில் அந்தப் பிரிவினை வேறு மாதிரி தெரியும். ஒரு மனை மூன்று வீடானால் மூன்று கழிவுநீர்த் தொட்டி. முன்பு ஒரு பெரிய வளவுக்குள் கிணறு ஒரு மூலையிலும் கழிப்பறை எதிர்மூலையிலும் இருந்தன. இப்போது பக்கத்து வீட்டுத் தொட்டிக்கும் நம் வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே ஒரு சுவர்தான். மணற்பாங்கான நிலம், தண்ணீர் மேலாகவே நிற்கும். கிணற்று நீர் குடிக்க ஆகாமல் போனதற்குக் கடல் உப்பை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

தெருக்களுக்கு இடையே முடுக்குகள் உண்டு. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர முன்னோர் விட்ட ஒடுங்கிய சந்துகள் அவை. குப்பை அள்ளும் மூன்று சக்கர வண்டி நுழையாத முடுக்குகள் நிறைய. தூய்மைப் பணியாளர் தள்ளுவண்டியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தரம்பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன திடக்கழிவு விதிகள். பிரித்துக் கொடுத்தாலும் கொண்டுபோய்ப் போடும் இடம் ஒன்று வேண்டுமே. கிழக்கே கடல், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அங்கே குப்பை கொட்டக் கூடாது. மற்றப் பக்கங்களில் உப்பளம், ஆலை, தோட்டம், குடியிருப்பு. எந்த இடத்தைக் காட்டினாலும் அது யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம். கிடங்கு எங்கே என்ற சண்டை தீராததற்கு மனத்தாங்கல்கள் மட்டும் காரணமல்ல, நிலமே இல்லை. தென்னங்கீற்றும் மீன் கழிவும் சமையல் மிச்சமும் அதிகமுள்ள ஊர் என்பதால், ஈரக் குப்பையை வார்டுக்குள்ளேயே உரமாக்கினால் கிடங்குக்குப் போவது கணிசமாகக் குறையும். நிலம் தேடுவதை விட்டுவிட்டு அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பேருந்து விவகாரம் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போக இரண்டு வழி. காயல்பட்டினத்துக்குள் நுழைந்து ஆறுமுகநேரி போவது ஒன்று. காயலைத் தொடாமல் அடைக்கலாபுரம் வழியாகப் போவது மற்றது. காயல் வழியாகப் போக அனுமதி வாங்கிய வண்டிகளே பல நேரம் அடைக்கலாபுரம் வழியில் விட்டுவிடும். சில நிமிடம் மிச்சம், ஊருக்குள் உள்ள நெரிசல் இல்லை. தூத்துக்குடிப் பேருந்து நிலையத்தில் ‘காயல்பட்டினம் போகாது’ என்று நடத்துநர் கையை ஆட்டுவதும், தெரியாமல் ஏறியவர்களை ஆறுமுகநேரியில் இறக்கிவிடுவதும் பல வருடம் நடந்தன. இரவு பத்து மணிக்கு மேல் கைக்குழந்தையோடும் பெட்டியோடும் இறங்கி ஆட்டோ தேடியவர்களைக் கேட்டால்தான் அதன் கோபம் புரியும்.

இந்த இடத்தில்தான் ஊரில் ஒரு புதுப் பழக்கம் பிறந்தது. ‘நடப்பது என்ன?’ என்ற சமூக ஊடகக் குழுமத்தைச் சேர்ந்தவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். எந்தெந்த வண்டிக்குக் காயல் வழியாக அனுமதி, எந்த நேரத்துக்கு என்று கேட்டு வாங்கினார்கள். அனுமதியில் சொன்ன வழித்தடத்தை விட்டு விலகுவது மோட்டார் வாகனச் சட்டப்படி நிபந்தனை மீறல். 86ஆம் பிரிவின்படி அனுமதியை நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ முடியும். ‘தயவுசெய்து ஊருக்குள் வாருங்கள்’ என்று கெஞ்சும் மனுவுக்கும், ‘இத்தனாம் எண் வண்டி இந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்ட வழியில் வரவில்லை’ என்று எழுதும் மனுவுக்கும் பதிலில் வித்தியாசம் உண்டு. முதலாவதுக்குக் கோப்பில் இடம். இரண்டாவதுக்கு யாராவது விளக்கம் எழுதியாக வேண்டும். பேருந்துகள் எல்லாம் ஒரே நாளில் திருந்தவில்லை. மேற்பார்வை தளரும்போதெல்லாம் வண்டி பழைய வழிக்குப் போய்விடும். ஆனாலும் தயவாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை ஊர் உரிமையாகக் கேட்கப் பழகியது இதில்தான். 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு இது இன்னும் முக்கியம். வண்டி ஊருக்குள் வராவிட்டால் அந்தச் சலுகைக்கு இங்கே பொருளில்லை.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1923இல் போட்ட நெல்லை - திருச்செந்தூர் பாதையில் ஒரு நிலையம், அகலப் பாதையானது 2008இல். கூடுதல் வண்டி வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

கடலுக்கும் ஊருக்கும் இருக்கிற வழக்கு கடினமானது. பக்கத்துச் சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் தொடங்கிய டி.சி.டபிள்யூ. ஆலை காஸ்டிக் சோடா, பி.வி.சி., இல்மனைட்டைப் பதப்படுத்திய பொருள் எல்லாம் செய்கிறது. தலைமுறைகளாகச் சுற்றுவட்டாரத்துக்கு வேலை கொடுத்த ஆலை. காஸ்டிக் சோடாவைப் பாதரசக் கலன்களில் தயாரித்தது. பிறகு பாதரசம் தேவைப்படாத சவ்வு முறைக்கு மாறியது. கடல் சில நேரம் செந்நிறமாகக் கலங்குவதைக் கொம்புத்துறை, சிங்கித்துறை மீனவர்களும் மாலையில் கடற்கரையில் கூடும் ஊர்க்காரர்களும் பார்த்துப் புகார் செய்திருக்கிறார்கள். ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து, காயல்பட்டினம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது.

ஊரில் புற்றுநோய் அதிகம் என்ற பேச்சு பலமானது. நல மன்றங்கள் சேர்ந்து, புற்றுநோயின் காரணம் கண்டறிய ஒரு குழுவே அமைத்தன. அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆலைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கும், காரணமே இல்லை என்று ஒதுக்குவதற்கும் ஒரே தடை: ஊரளவில் பொதுவில் வைக்கப்பட்ட கணக்கு இல்லை. அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் மாநிலப் பதிவேட்டுத் திட்டம் 2012இலிருந்து தமிழ்நாடு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது; வெளியாவது மாவட்டக் கணக்கு. தூத்துக்குடி மாவட்டச் சராசரிக்குள் நாற்பதாயிரம் பேர் கொண்ட ஊர் ஒன்று கரைந்துபோகும். போதாததற்கு, இந்த ஊர்க்காரருக்கு நோய் கண்டறியப்படுவது சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். ஷிஃபாவுக்கு வரும் மனுக்களில் அந்தத் தகவலின் ஒரு பகுதி கிடக்கிறது. பெயரை நீக்கி, வயது, உறுப்பு, தெரு, ஆண்டு என்று ஒழுங்குபடுத்தி நோய்ப்பரவல் இயல் வல்லுநர்களிடம் கொடுத்தால் பேச்சு வாதமாகும். ஆலைக் கழிவு வெளியேறும் இடத்து நீர்ச் சோதனை முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் நகராட்சிப் பலகையில் தமிழில் ஒட்டலாம். இரண்டுமே பெரிய செலவில்லாத வேலைகள்.

2023 டிசம்பர் 17இலும் 18இலும் பெய்த மழை இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. மாவட்டம் ஓராண்டு முழுக்கப் பெறும் சராசரியைவிட அதிகம். அன்று திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஏரல் பாலம் உடைந்தது, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ஆற்றுக்குள் இருந்த நீரேற்று நிலையங்கள் அடிபட்டதால், வெள்ளம் வடிவதற்கு முன்பே குடிநீர்ப் பஞ்சம் வந்துவிட்டது. பள்ளிவாசல்களிலும் மண்டபங்களிலும் உலை கொதித்தது. மன்றங்கள் பணம் அனுப்பின. தனி ஆட்களுக்குச் செய்யும் உதவியில் ஊர் மறுபடியும் தன் திறமையைக் காட்டியது.

95 செ.மீ. மழையைத் தாங்கும் வடிகால் எந்த ஊரிலும் இல்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் 10 செ.மீ. மழைக்கே தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கிறது என்றால் அது வேறு கதை. பழைய ஓடைகள் வீட்டு மனைகளாகிவிட்டன. ஒவ்வொரு தடவை சிமெண்ட் சாலை போடும்போதும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலேயே போட்டதால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் தாழ்ந்தது. தண்ணீர் சாலையிலிருந்து வீட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே கோளாறுதான். சாலை ஒப்பந்தத்தில் தள மட்டத்தை எழுதி, முடிந்ததும் அளந்து பார்க்க ஒரு நகர்மன்ற உறுப்பினர் கிளம்பினால் போதும். அதற்கு யாருடைய நன்கொடையும் வேண்டாம்.

உறுப்பினரே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்று, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அதற்கு முந்திய ஐந்து வருடம், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கும் இடையிலான இழுபறியிலேயே கழிந்தது. ஆக, 2011க்கும் 2022க்கும் நடுவே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, தொடர்ந்து கவனித்து, முடித்துவைக்கும் நகர்மன்றம் ஊருக்கு வாய்க்கவில்லை. ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்த்துவைக்கும் முஸ்லிம்களின் ஐக்கியப் பேரவையும் ஜமாஅத்துகளும் அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பின. ஆனால் பேரவைக் கூட்டத்தில் பொறியாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியாது. மீனவர் குப்பங்களும் ஊரின் மற்றச் சமூகத்தாரும் வரி கட்டுவது நகராட்சிக்கு; அவர்களுக்கும் சேர்த்துப் பேசும் இடம் நகர்மன்றம் ஒன்றுதான்.

பக்கத்து ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. வரவு செலவைக் கேட்கச் சட்டம் கொடுத்த மேடை. நகரவாசிகளுக்கு அப்படி ஒன்று இல்லாமலே பல பத்தாண்டுகள் போயின. 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்த பிறகுதான் அது வாய்த்தது. பகுதி சபைக்குக் காயலில் போகிறவர்களில் பெண்கள் எண்ணிக்கையைக் கூட்டினால் விவாதத்தின் தரமே மாறும். தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை குடம், எந்த முடுக்கில் குப்பை மூன்று நாளாகக் கிடக்கிறது என்பது வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் காக்காமாரைவிட வீட்டிலிருக்கும் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும்தான் தெரியும். ஆண்களில் பலர் வெளியூரில் இருக்கும் ஊரில் நகராட்சியோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவது பெண்கள்தான். மனுவில் கையெழுத்து மட்டும் வேறு யாருடையதோ.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை குடிநீர் அளவு, மானியம் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த 40,588தான். புதுக் கணக்கிலும் துபாயிலும் சென்னையிலும் குடியிருப்பவர்கள் காயல்பட்டினத்துப் பேரேட்டில் வரமாட்டார்கள். ஆனால் ரமலானுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். கோடை என்பது ஆறு மெலிந்து கிடக்கும் காலம். ஒரு வருடத்தில் எந்த மாதம் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள் என்ற கணக்கை நல மன்றங்களே தெரு வாரியாக எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்திடம் நகராட்சித் தீர்மானத்தோடு கொடுக்க முடியும். உறுப்பினர் பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.